மென்பொருளுக்கு அளவுகோல் தந்த அம்மையார்

கணினித் துறையினரிடம் கிரேஸ் ஹாப்பர் என்ற பெயரைச் சொன்னால் அவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ஓர் அந்துப்பூச்சி. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்-2 என்ற கணிப்பொறி பழுதாகி நின்றது. திறந்து பார்த்த பணியாளர்கள், 70-ஆம் எண் ரிலேயில் சிக்கி இறந்துகிடந்த பூச்சியை எடுத்து அன்றைய பதிவேட்டில் நாடாவால் ஒட்டினார்கள். நிஜமான பூச்சி ஒன்று அகப்பட்டது இதுவே முதல் முறை என்று கேலியாக ஒரு குறிப்பும் எழுதினார்கள். எந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலம் முதலே பொறியாளர்களிடையே இருந்தது. ஆகவேதான் அந்தக் கேலி. பூச்சியைப் பிடித்தவர் ஹாப்பர் அல்லர். ஆனால், கதையை ஊரறியச் செய்தவர் அவர்தான். பதிவேடு இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பூச்சிக் கதை சுவையானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அது அம்மையாரின் உண்மையான பணியை மறைத்துவிட்டது என்பது என் கருத்து. அறுபது வயதில் ஓய்வுபெற்று வீட்டுக்குப் போன பிறகு மீண்டும் அழைக்கப்பட்டு, அடுத்த பத்தாண்டுகள் அவர் செய்த வேலையைப் பற்றி வெகு சிலரே பேசுகிறார்கள். அதில் பூச்சி இல்லை, போர் இல்லை, புதுக் கண்டுபிடிப்பு என்று பறைசாற்றத்தக்க ஏதும் இல்லை. காலந்தோறும் மாறிக்கொண்டே இருக்கும் மென்பொருளின் தரத்தை எப்படி அளப்பது, மாறும்போது அத்தரம் குலையாமல் எப்படிக் காப்பது என்ற வறண்ட கேள்வி மட்டுமே இருந்தது. அந்தக் கேள்விக்கு அரசாங்கம் ஒன்று ஏற்று நடைமுறைப்படுத்தும் அளவுக்கு விடை கண்டவர்களுள் அவர் முதன்மையானவர்.

கிரேஸ் புரூஸ்டர் முரே 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை காப்பீட்டு முகவர். தாய்க்குக் கணிதத்தில் நாட்டம் உண்டு. கொள்ளுத் தாத்தா ஒருவர் கடற்படையில் அட்மிரலாக இருந்தவர். மூன்று குழந்தைகளில் மூத்தவரான கிரேஸ், ஏழு வயதில் வீட்டிலிருந்த அலாரம் கடிகாரம் ஒன்றைப் பிரித்தார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. எப்படி இருக்கிறது என்று பார்க்க இன்னொன்றைப் பிரித்தார். இப்படியே ஏழு கடிகாரங்கள் பிரிந்துகிடந்தன. தாய் கோபித்துக்கொள்ளவில்லை, இனி ஒரே ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும் வரம்பு கட்டினார். தந்தையோ நோயால் கால்களை இழந்தவர். மகள்களும் மகனைப் போலவே படித்துத் தம் காலில் நிற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அந்தக் காலத்து அமெரிக்காவிலும் இது பொதுவான மனநிலை அன்று.

லத்தீன் தேர்வில் தோற்றதால் ஓராண்டு தாமதித்தே வாசர் மகளிர் கல்லூரியில் அவர் சேர முடிந்தது. 1928-இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930-இல் முதுகலையும், 1934-இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். இடையே 1930-இல் ஆங்கிலப் பேராசிரியரான வின்சென்ட் ஹாப்பரை மணந்தார். 1931 முதல் வாசர் கல்லூரியிலேயே கற்பித்தார். அவருடைய கணித வகுப்பில் மாணவியர் கட்டுரை எழுத வேண்டும். அதன் மொழிநடைக்கும் மதிப்பெண் உண்டு. இது ஆங்கில வகுப்பு அல்லவே என்று மாணவியர் முறையிட்டபோது, பிறருக்கு விளங்கும்படி எழுதத் தெரியாவிட்டால் கணிதம் கற்றுப் பயனில்லை என்று அவர்களுக்குப் புரியவைத்தாராம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில், இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையே ஏற்பட்டது. பொருளாதார மாணவர்களிடம் இதை நான் வற்புறுத்தியிருந்தால் துறைத்தலைவர் அறைக்குப் புகார் போயிருக்கும்.

இரண்டாம் உலகப் போர் அவருடைய வாழ்வைத் திசைதிருப்பியது. கடற்படையில் சேர விண்ணப்பித்தார். வயது அதிகம், எடை குறைவு, கணிதப் பேராசிரியர் என்பதால் கல்லூரியிலேயே தேவைப்படுபவர் என மூன்று தடைகள். எடை விதிக்கு 15 பவுண்டு குறைந்திருந்தார். விலக்குப் பெற்று 1943 டிசம்பரில் மகளிர் துணைப் படையில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம் பெற்றார். 1944 ஜூலையில் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஐக்கன் நடத்திவந்த கணக்கீட்டுத் திட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே 51 அடி நீளமும் 8 அடி உயரமும் ஏறத்தாழ 5 டன் எடையும் கொண்ட மார்க்-1 எந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அறிமுகம், விளக்கம் எதுவும் இல்லை. வந்த அன்றே ஒரு கணக்கைக் கொடுத்து ஒரு வாரத்தில் முடிக்கச் சொன்னார் ஐக்கன்.

மார்க்-1 எந்திரத்துக்கான கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட வேண்டும். ஹாப்பரும் அவருடைய சகாக்களும் ஒருமுறை சரியாக இயங்கிய கட்டளைத் தொடர்களைத் தத்தம் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார்கள். ஒருவர் குறிப்பேட்டிலிருந்து மற்றவர் பார்த்து எழுதிக்கொண்டார். சோதித்துத் தேறிய பகுதியை மறுபடி பயன்படுத்துதல் என்ற கருத்து அங்கே, போர்க்கால அவசரத்தில் முளைவிட்டது. எந்திரத்தின் இயக்கத்தை விவரிக்கும் கையேட்டை எழுதும் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1946-இல் வெளிவந்த அந்நூல் 561 பக்கங்கள் கொண்டது. அவர்கள் செய்த கணக்குகளுள் ஒன்று, ஜான் வான் நியூமன் கொண்டுவந்தது. அது அணுகுண்டுக்கானது என்பது ஹாப்பருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போர் முடிந்த ஆண்டில் மணவாழ்க்கையும் முடிந்தது. நிரந்தரக் கடற்படைக்கு மாற விரும்பினார். வயது வரம்பு குறுக்கே நின்றது. ஹார்வர்டு பெண்களுக்கு நிரந்தரப் பதவி தருவதாக இல்லை. இக்காலத்தில் அவர் மதுவுக்கு அடிமையாகித் துன்புற்றதை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. மேதைகளைச் சிலையாக்கிப் பார்ப்பதைவிட, சறுக்கியும் எழுந்தவர்களாகப் பார்ப்பதே மேல்.

1949-இல் பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி என்ற இரு பொறியாளர்கள் தொடங்கிய கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ரெமிங்டன் ராண்டு நிறுவனம் அதை வாங்கிவிட்டது. அங்கே யூனிவாக் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரைக் கவனித்த ஹாப்பர், எளிய உண்மை ஒன்றைக் கண்டார். நிரல் எழுதுவோர் பழைய கட்டளைத் தொடர்களைப் பார்த்து எழுதும்போது பிழை செய்தனர். இடைவெளியைக் குறிக்கும் டெல்டா குறி 4 ஆக மாறியது. ஆங்கில 'பி' எழுத்து 13 ஆக மாறியது. மனிதன் பார்த்து எழுதத் தெரியாதவன். எந்திரமோ அதற்கென்றே பிறந்தது. அப்படியானால் அந்த வேலையை எந்திரத்திடமே விட்டுவிட்டால் என்ன?

இதிலிருந்து பிறந்ததுதான், தொகுப்பி என்று தமிழில் வழங்கும் கம்பைலரின் முன்னோடி. 1951, 1952-ஆம் ஆண்டுகளில் அவர் உருவாக்கிய ஏ-0 என்ற அமைப்பு, எண்ணிட்டுச் சேமித்த துணைநிரல்களைத் தானே எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து, ஒரே நிரலாகத் தொகுத்தது. இன்றைய தொகுப்பிகளோடு ஒப்பிட்டால் அது வெறும் தொடக்கமே. ஆனால், அதன் நோக்கம் வேகம் மட்டுமன்று, பிழைக் குறைப்பு. 1953-இன் இறுதியில் ஏ-2 என்ற அடுத்த வடிவத்தை வாடிக்கையாளர்களுக்கு மூல நிரலுடனேயே கொடுத்து, திருத்தங்கள் இருந்தால் அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்கள். திறமூல மென்பொருள் என்று இப்போது பெருமையாகப் பேசப்படும் வழக்கத்துக்கு இது ஒரு முன்மாதிரி.

அடுத்து, வணிகத் துறையினர் குறியீடுகளை விரும்புவதில்லை, சொற்களில் கட்டளை தர வேண்டும் என்றார். நிர்வாகம் நம்பவில்லை. செய்துகாட்ட முற்பட்டவர், ஒரே நிரலை ஆங்கிலத்தில் மட்டுமன்றி பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் இயக்கிக் காட்டினார். அமெரிக்க எந்திரம் ஜெர்மன் மொழியை எப்படிப் புரிந்துகொள்ளும் என்று மேலதிகாரிகள் மிரண்டுபோனார்கள். பின்னர் ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்வதாக உறுதியளித்தே பணம் பெற வேண்டியிருந்தது. இதன் பயனாக வந்த மொழி ஃப்ளோ-மேட்டிக்.

1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் கணிப்பொறி உற்பத்தியாளர்களும் பயன்படுத்துவோரும் அரசு அதிகாரிகளும் கூடினர். எந்த நிறுவனத்தின் எந்திரத்திலும் இயங்கக்கூடிய பொதுவான வணிக மொழி ஒன்று வேண்டும் என்று முடிவாயிற்று. தற்காலிக ஏற்பாடாக ஒரு குழு வகுத்த மொழிதான் கோபால். ஃப்ளோ-மேட்டிக் அதற்கு அடித்தளம், ஹாப்பர் ஆலோசகர். அவரைக் கோபாலின் தாய் என்று பலர் எழுதுவதை, அதை வகுத்த குழுவில் உழைத்த ஜீன் சாமெட் ஏற்கவில்லை. சாமெட்டின் ஆட்சேபம் நியாயமானது. மொழியை எழுதியவர்கள் வேறு பலர். 1960 டிசம்பர் 6, 7 தேதிகளில் ஏறக்குறைய ஒரே கோபால் நிரல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் எந்திரத்திலும் யூனிவாக்-2 எந்திரத்திலும் இயங்கிக் காட்டப்பட்டது. அரசு வாங்கும் எந்திரங்களில் கோபால் இயங்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறை வலியுறுத்தியதும், உற்பத்தியாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். 1998-ஆம் ஆண்டில் என் மாணவர்கள் சிலர் மாலை வகுப்புக்கு வராமல் கோபாலிடம் போவதாகச் சொன்னார்கள். யாரோ கோபால் என்ற தனிப்பயிற்சி ஆசிரியர் என் மாணவர்களைக் கவர்ந்துவிட்டார் என்றே முதலில் நினைத்தேன். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அவர் ஆசிரியர் அல்லர், நாற்பது வயதை நெருங்கிய கணிப்பொறி மொழி என்று தெரிந்தபோது வியப்பாக இருந்தது. தற்காலிக ஏற்பாடு என்று தொடங்கிய ஒன்று சென்னையின் பயிற்சி மையங்கள் வரை வந்தது ஏன் என்பதற்கு, பின்னால் வருகிறேன்.

1966-இன் இறுதியில், கமாண்டர் நிலையில் ஹாப்பருக்குக் கடற்படை ஓய்வு கொடுத்தது. அவருக்கு அப்போது வயது 60. அது தம் வாழ்வின் துயரமான நாள் என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஏழே மாதங்களில், 1967 ஆகஸ்டில், ஆறு மாதப் பணிக்கு என்று மீண்டும் அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் ஏறத்தாழ 19 ஆண்டுகள் நீண்டது.

அழைத்த காரணம் இதுதான். கடற்படையிடம் பல நிறுவனங்களின் கணிப்பொறிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கோபால் உண்டு. ஆனால் அவை ஒரே கோபால் அல்ல. ஒரு நிறுவனம் சில வசதிகளைக் கூடுதலாகச் சேர்த்திருந்தது. இன்னொன்று சிலவற்றை விட்டுவிட்டிருந்தது. மூன்றாவது, அதே சொல்லுக்குச் சற்றே வேறு பொருள் கொண்டிருந்தது. ஒரு எந்திரத்துக்கு எழுதிய சம்பளப் பட்டியல் நிரலை அடுத்த எந்திரத்துக்கு மாற்றினால் ஓடாது; அதைவிட மோசம், ஓடும், ஆனால் விடை மாறும். பொருளாதாரப் பார்வையில் இதை விளக்குவது எளிது. மாறிச்செல்லும் செலவு உயர உயர, வாடிக்கையாளர் அந்த விற்பனையாளரிடமே சிறைப்படுகிறார். கூடுதல் வசதி என்பது பல வேளைகளில் கைவிலங்கின் நாகரிகப் பெயர்.

1968-இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு கோபாலுக்கு ஒரு தரநிலையை வெளியிட்டது. தாளில் தரநிலை வந்துவிட்டது. ஆனால் தங்கள் தொகுப்பி தரநிலைக்கு உட்பட்டது என்று ஒவ்வொரு நிறுவனமும் சொல்லிக்கொள்ளுமானால், அதைச் சரிபார்ப்பது யார்? சந்தையில் எல்லா வியாபாரியும் தன் படி சரியான படி என்றுதான் சொல்வான். அதனால்தான் எடையளவுத் துறை ஆய்வாளர் வந்து முத்திரையிடுகிறார். முத்திரையில்லாத படியில் அளக்கும் அரிசிக்கு என்ன உத்தரவாதம்? ஹாப்பர் கண்டது இந்த இடைவெளியை.

பென்டகனில் அவர் தலைமையில் அமைந்த கடற்படை நிரல்மொழிக் குழு மிகச் சிறியது. நாற்காலி, மேசைகூட முறையாகக் கிடைக்கவில்லை. இரவில் பிற அலுவலகங்களிலிருந்து எடுத்துவந்தார்கள் என்று அவரே பெருமையாகச் சொல்வதுண்டு. அறையில் கடற்கொள்ளையரின் கொடி ஒன்று பறந்தது. சுவரில் இடப்புறமாகச் சுற்றும் கடிகாரம் தொங்கியது. இதுவரை இப்படித்தான் செய்துவந்தோம் என்ற வாதத்தோடு வருவோருக்கு அதைக் காட்டுவார். இந்த விளையாட்டுகளுக்கு நடுவே அவர்கள் செய்த வேலை மிகக் கறாரானது.

அது எப்படி இயங்கியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தரநிலையில் உள்ள ஒவ்வொரு கூறுக்கும் சிறு சிறு சோதனை நிரல்களைக் கோபாலிலேயே எழுதினார்கள். எண்களைக் கூட்டி முழுமையாக்குவது ஒன்று, அட்டவணையில் தேடுவது ஒன்று, கோப்பை வரிசைப்படுத்துவது ஒன்று. ஒவ்வொரு சோதனைக்கும் சரியான விடை முன்கூட்டியே தெரியும். சோதனை நிரலைத் தொகுப்பியிடம் கொடுத்தால், நிரல் கணக்கிட்டு, தன் விடையைத் தெரிந்த விடையோடு தானே ஒப்பிட்டு, தேறியது அல்லது தேறவில்லை என்று அச்சிடும். இறுதியில் எத்தனை தேறின, எத்தனை தவறின என்ற கணக்கு வந்துவிடும். தரம் என்ற மங்கலான சொல் ஓர் எண்ணாக, அதுவும் எவர் எங்கே இயக்கினாலும் அதே விடை தரும் எண்ணாக மாறியது. ஆய்வாளரின் மனநிலையோ விற்பனையாளரின் சாமர்த்தியமோ அதை மாற்ற முடியாது.

இதன் முழுப் பயன் இரண்டாவது முறை சோதிக்கும்போதுதான் தெரியும். நிறுவனங்கள் தம் தொகுப்பிகளை ஆண்டுதோறும் புதுப்பித்தன. புது வசதி ஒன்றைச் சேர்க்கும்போது பழையது ஒன்று உடைவது இத்துறையில் அன்றாட நிகழ்ச்சி. புதிய பதிப்பின் மீது அதே சோதனைத் தொகுதியை மறுபடி ஓட்டினால், நேற்று தேறியது இன்று தவறுகிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். மாறும் அமைப்பின் தரத்தைக் காப்பதற்கு இன்று உலகம் முழுவதும் நிரலாளர்கள் நாள்தோறும் செய்யும் வேலையின் சாரம் இதுதான். கூடவே, தரநிலைக்கு மாறுபட்ட பழைய நிரல்களைத் தரநிலைக் கோபாலுக்கு மாற்றிக்கொடுக்கும் கருவிகளையும் அக்குழு தயாரித்தது. குற்றம் கண்டுபிடிப்பதோடு நில்லாமல், திருந்துவதற்கு வழியும் செய்து வைத்தார்கள்.

சோதனைக்கு அதிகாரம் வந்தது 1970-களில். கோபால் தரநிலை 1972-இல் அமெரிக்க மத்திய அரசின் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. அரசுக்கு விற்கப்படும் தொகுப்பிகள் சோதனைக்கு உட்பட வேண்டியதாயிற்று. உலகின் மிகப் பெரிய கணிப்பொறி வாடிக்கையாளர் முத்திரை கேட்டதால், தனியார் வாடிக்கையாளர்களும் இலவசமாகப் பயன்பெற்றனர். பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப், வாங்குபவர் தரத்தை அறிய முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கைத் துரத்திவிடும் என்று விளக்கிய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது 1970-இல். அதே காலத்தில் ஒரு கணித அம்மையார், அந்தக் கோட்பாட்டைப் பற்றிய நினைப்பே இல்லாமல், அதற்கான மருந்தைப் பென்டகனில் தயாரித்துக்கொண்டிருந்தார்.

இந்த அளவுகோலுக்கு எல்லைகள் உண்டு. தொகுப்பி தரநிலைப்படி நடக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும். அந்தத் தொகுப்பியைக் கொண்டு எழுதிய சம்பள நிரல் ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. சோதனைகள் பிழை இருப்பதைக் காட்டுமே தவிர, பிழையே இல்லை என்று ஒருபோதும் நிறுவா என்று நெதர்லாந்துக் கணினியறிஞர் டைக்ஸ்ட்ரா அக்காலத்திலேயே எச்சரித்தார். அவருக்குக் கோபால் மீதே வெறுப்பு உண்டு. அதைக் கற்பிப்பதைக் குற்றமாகக் கருத வேண்டும் என்கிற அளவுக்கு 1975-இல் எழுதினார். டைக்ஸ்ட்ராவின் சினத்தில் உண்மை இருந்தது. அக்காலக் கோபால் நிரல்கள் பல, வாசலும் வழியும் தெரியாத பெருங்கட்டடங்களாக வளர்ந்தன. ஆனால், எழுதியவர் போன பிறகு வருபவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஹாப்பரின் கவலையை டைக்ஸ்ட்ரா குறைத்து மதிப்பிட்டார் என்றே நினைக்கிறேன். வாசர் கல்லூரியில் கணிதக் கட்டுரைக்கு மதிப்பெண் போட்ட ஆசிரியையின் கவலை அது.

இன்னொன்றும் உண்டு. அளவுகோலுக்கே பராமரிப்பு வேண்டும். கோபால் தரநிலை 1974-இலும் 1985-இலும் திருத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் சோதனைத் தொகுதியும் திருத்தப்பட வேண்டியிருந்தது. அளக்கப்படும் பொருளோடு அளவுகோலும் வளராவிட்டால், பழைய படியை வைத்துப் புதிய நெல்லை அளந்த கதையாகிவிடும்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மேனி லேமன் என்ற பேராசிரியர், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்.-360 என்ற இயங்குதளம் பதிப்புக்குப் பதிப்பு எப்படி வளர்ந்தது என்பதை எண்ணிப் பார்த்துச் சில விதிகளை வகுத்தார். பயன்பாட்டில் உள்ள மென்பொருள் மாறிக்கொண்டே இருந்தாக வேண்டும், இல்லையேல் பயனற்றுப்போகும். மாற மாற அதன் சிக்கல் பெருகும், வேண்டுமென்றே உழைத்துக் குறைத்தாலொழிய. எந்திரத்துக்குத் தேய்மானம் உண்டு என்பது பொருளாதாரம் படித்தவர்களுக்குத் தெரியும். மென்பொருள் தேய்வதில்லை. ஆனால், அதைச் சுற்றியுள்ள உலகம் நகர்ந்துவிடுவதால் அது பழசாகிறது. 1993-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் தேசியக் கணக்கு முறைதான் மென்பொருளை மூலதனமாகக் கருதப் பரிந்துரைத்தது. அதுவரை கணக்கேட்டில் அது வெறும் செலவு. செலவென்று எழுதிவிட்டதை யார் பராமரிப்பார்கள்?

அப்படிப் பராமரிக்காமல் விட்டதன் விலையை உலகம் 1990-களின் இறுதியில் கட்டியது. 80 பத்திகள் மட்டுமே கொண்ட துளை அட்டைக் காலத்தில், இடத்தைச் சேமிக்க ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதினார்கள். நினைவகம் பொன்விலை விற்றபோது அது அறிவார்ந்த சிக்கனமே. அந்த நிரல்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழும் என்று அவற்றை எழுதியவர்கள் எண்ணவில்லை. 2000-ஆம் ஆண்டை 1900 என்று எந்திரம் பிழையாகக் கொள்ளும் என்ற அச்சம் வந்தபோது, வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இருந்த கோடிக்கணக்கான கோபால் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. என் மாணவர்கள் கோபாலிடம் போனது அதற்காகத்தான். அவர்களில் இருவர் அடுத்த ஆண்டே அமெரிக்கா சென்றனர். அங்கிருந்து எழுதிய கடிதத்தில், தான் பிறப்பதற்கு முன் யாரோ எழுதிய நிரலைத் திருத்திக்கொண்டிருப்பதாக ஒருவன் குறிப்பிட்டிருந்தான். இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் வளர்ச்சியில் அந்தப் பழைய கடனுக்கும் ஒரு பங்கு உண்டு. கடன் என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். இன்று அவசரத்துக்குச் செய்யும் அரைகுறை நிரல் கடன் வாங்குவதற்குச் சமம், திருத்தும்வரை வட்டி ஏறும் என்ற உவமையை நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம் முன்வைத்தது 1992-இல். ஹாப்பர் மறைந்த அதே ஆண்டில்.

மீண்டும் அம்மையாரிடம் வருவோம். 1973-இல் கேப்டன் ஆனார். 1983-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவரைக் கண்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எடுத்த முயற்சியால் கொமடோர் பதவி உயர்வு வந்தது. இரண்டாண்டுகளில் அப்பதவியின் பெயர் ரியர் அட்மிரல் என மாறியது. முதுமையில் அவர் ஊர் ஊராகச் சென்று உரையாற்றினார். ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள கம்பித் துண்டுகளை ஒரு கட்டாகக் கையில் வைத்திருப்பார்; ஒரு நானோ விநாடியில் மின்சாரம் செல்லக்கூடிய உச்சத் தொலைவு அது என்று சொல்லி அனைவருக்கும் வழங்குவார். மைக்ரோ விநாடியைக் காட்ட, ஏறத்தாழ 300 மீட்டர் கம்பிச் சுருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவார். நிரல் எழுதுவோர் ஒரு மைக்ரோ விநாடியை வீணடிக்கும்போது எதை வீணடிக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கட்டும் என்பது அவருடைய எண்ணம். கண்ணுக்குப் புலனாகாததை அளவாக்கிக் கையில் கொடுப்பது அவருக்கு இயல்பாகவே வந்தது.

1986 ஆகஸ்ட் 14-ஆம் தேதி பாஸ்டன் துறைமுகத்தில், கான்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஓய்வுபெற்றபோது அவருக்கு வயது 79. கடற்படையில் பணியிலிருந்த அதிகாரிகளிலேயே மூத்தவர். அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி 1-ஆம் தேதி காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். 2016-இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதை அதிபர் ஒபாமா அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கினார்.

கோபால் இன்னும் ஓய்வுபெறவில்லை. 2020 ஏப்ரலில் கொவைட் நோயால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர், கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். கோபாலுக்கான சோதனைத் தொகுதியும் ஓய்வுபெறவில்லை. 1985 தரநிலைக்காக அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகம் வெளியிட்ட ஆயிரக்கணக்கான சோதனைகளை, தன்னார்வலர்கள் பராமரிக்கும் குனு கோபால் தொகுப்பி இன்றைக்கும் பயன்படுத்துகிறது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதே தேறியது, தேறவில்லை.

அவர் பெயரால் ஒரு போர்க்கப்பல் 1997 முதல் அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறது. அதன் எண் 70. மார்க்-2 எந்திரத்தில் அந்துப்பூச்சி சிக்கியிருந்த ரிலேயின் எண்ணும் அதுவே. தற்செயல்தான், ஆனாலும் அம்மையார் கேட்டிருந்தால் அடுத்த உரையில் அதைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்.